சுண்டை வேரில் முள்ளுக்கத்தரி

வாடிய கத்தரிச் செடி ஒன்றைப் பிடுங்கி, அடித்தண்டில் நாலு விரல் நீளத்துக்கு நறுக்கினேன். கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டுவாய் மட்டும் நீரில் படும்படி தண்டை விளிம்பில் தொங்கவிட்டேன். இரண்டு மூன்று நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் மாதிரி ஒரு மெல்லிய இழை கீழே இறங்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் டம்ளர் அடியே மங்கலாகிவிட்டது.

அந்த வெள்ளை இழைதான் பாக்டீரியா. ரால்ஸ்டோனியா சொலனேசியாரம் என்பது அதன் பெயர். வேரின் சின்னக் காயங்கள் வழியே நுழைந்து, தண்ணீர் ஏறும் குழாய்களில் பெருகி அடைத்துவிடுகிறது. அதனால்தான் காலையில் பச்சையாக நின்ற செடி மத்தியானம் துவண்டு, அடுத்த இரண்டு மூன்று நாளில் பச்சை மாறாமலே சாகிறது. ஈரம் போதவில்லையோ என்று தண்ணீர் விட்டால் நிலைமை மோசமாகும். வாய்க்கால் தண்ணீரே அதை அடுத்த செடிக்குக் கொண்டுபோகும்.

எங்கள் 15 சென்ட் கத்தரிப் பாத்தியில் மூன்று வருடமாக இதுதான் நடந்தது. வேலூர்ப் பக்கத்து முள்ளுக்கத்தரி. காம்பிலும் இலையிலும் முள் இருக்கும், பறிக்கும்போது கை கிழியும், ஆனால் குழம்பில் போட்டால் வேறு எந்தக் கத்தரியும் பக்கத்தில் வராது. இலவம்பாடி ஊர்ப் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்தக் கத்தரி புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. வாடலைத் தாங்கும் வீரிய ரகங்களைப் போடலாம் என்று கடையில் சொன்னார்கள். அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "அதை நாம சாப்பிடப் போறதில்லை."

பயிரை மாற்றிப் பார்த்தாயா என்று கேட்பீர்கள். மாற்றினோம். கத்தரிக்கு அப்புறம் தக்காளி, அதற்கப்புறம் மிளகாய். மூன்றும் ஒரே குடும்பம் என்பது அப்போது மனதில் ஏறவில்லை. மூன்றுமே இந்த பாக்டீரியாவுக்கு இரைதான். வயலில் இரை இருந்துகொண்டே இருந்ததால் அது மண்ணில் தங்கிவிட்டது. செடிக்குள் போன பிறகு அதைக் கொல்ல நம் கையில் மருந்து கிடையாது.

சரி, காயை மாற்ற முடியாது, மண்ணையும் சட்டென்று மாற்ற முடியாது. மிச்சம் இருப்பது வேர். வேலியோரம் சுண்டை மட்டும் இந்த மூன்று வருடமும் ஒரு கிளைகூட வாடாமல் நின்றுகொண்டிருந்தது. சுண்டையும் கத்தரியும் ஒரே பேரினம். சுண்டையின் வேர் பாக்டீரியா வாடலை நன்றாகத் தாங்கும், வேர்முடிச்சு நூற்புழுவையும் தாங்கும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் சுண்டை மேல் கத்தரியை ஒட்டும் முறையை விவசாயிகளிடம் கொண்டுபோயிருக்கிறது. மா, கொய்யா, ரோஜாவில் ஒட்டு நமக்குப் பழக்கம். காய்கறி நாற்றில் ஒட்டு என்பது ஜப்பானில் 1920களில் தர்பூசணியைப் பூசணி வேரில் ஒட்டியதிலிருந்து பரவியது. அங்கேயும் காரணம் இதே வாடல் தொல்லைதான், கிருமி மட்டும் வேறு. தைவானில் இருக்கும் உலகக் காய்கறி மையம் தக்காளியைக் கத்தரி வேரில் ஒட்டச் சொல்லிக்கொடுத்தது, அதுவும் இந்த பாக்டீரியாவுக்கு எதிராகத்தான்.

விதை

ஆனி மாதத் தொடக்கத்தில் வேலியில் பழுத்து மஞ்சளான சுண்டையைப் பறித்து, நசுக்கி, இரண்டு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு அலசி விதை எடுத்தேன். நிழலில் காய்ந்த விதை கடுகைவிடச் சின்னது.

சுண்டை விதையோடு முதல் சண்டை முளைப்பில். சும்மா விதைத்தால் ஒன்று இன்றைக்கு வரும், பக்கத்தில் இருப்பது மூன்று வாரம் கழித்து வரும். ஒட்டுக்கட்ட எல்லாத் தண்டும் ஒரே பருமனில் வேண்டும். இதற்குக் கிப்ரலிக் அமிலக் கரைசலில் ஊறவைப்பது வழக்கம். செடியின் உடம்பிலேயே ஊறும் வளர்ச்சி ஊக்கி அது. ஜப்பானில் நெல் நாற்று வெளிறி, ஒல்லியாக நெடுநெடுவென்று வளர்ந்து சாய்ந்துவிடும் ஒரு நோய் இருந்தது. அதற்குக் காரணம் ஒரு பூஞ்சை சுரக்கும் பொருள் என்று 1926இல் கண்டுபிடித்தார்கள். நெல்லைச் சாய்த்த அதே பொருளை இன்றைக்கு விதையின் உறக்கத்தைக் கலைக்கப் பயன்படுத்துகிறோம்.

கடையில் 1 கிராம் பொட்டலம் கிடைத்தது. இந்தத் தூள் தண்ணீரில் லேசில் கரையாது. அதனால் முதலில் 10 மில்லி ஸ்பிரிட்டில் கரைத்தேன். ஊசி போடும் சிரிஞ்சால் அதில் 1 மில்லி எடுத்து 1 லிட்டர் தண்ணீரில் கலந்தால் 100 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் நூறு பங்கு. ஒரு பிடி விதையைத் துணியில் முடிந்து 24 மணி நேரம் அதில் போட்டேன். இன்னொரு முடிச்சை வெறும் தண்ணீரில் ஊறவைத்தேன், வித்தியாசம் தெரியவேண்டும் என்பதற்காக. அலசிவிட்டு, தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டில் விதைத்தேன். மேலே மூடிய நார்க்கழிவு ஒரு தூவல்தான். சுண்டை விதைக்கு வெளிச்சமும் வேண்டும், ஆழப் புதைக்கக் கூடாது.

அமிலத்தில் ஊறியது 9ஆம் நாள் தலைகாட்டியது, இரண்டு வாரத்தில் தட்டு நிறைந்தது. தண்ணீரில் ஊறியது 20 நாள் கழிந்தும் அங்கொன்றும் இங்கொன்றும்தான். நாற்றாங்கால் பூராவும் சீராக வரவேண்டும் என்றால் அந்தப் பொட்டலத்தை வாங்கிவிடுங்கள்.

சுண்டை மெதுவாகப் பருக்கும், கத்தரி வேகமாகப் பருக்கும். அதனால் சுண்டை விதைத்து 28 நாள் கழித்துத்தான் கத்தரி விதைத்தேன். ஒரே நாளில் விதைத்தால் ஒட்டுக்கட்டும் நேரத்தில் கத்தரித் தண்டு தடித்து நிற்கும், சுண்டை நூல் மாதிரி இருக்கும். இரண்டு தடவைக்கு வரும்படி 15 நாள் இடைவெளியில் இரண்டாவது தொகுதியும் போட்டுவைத்தேன். அந்த முன்யோசனைதான் பிற்பாடு என்னைக் காப்பாற்றியது.

வெட்டு

ஆவணியில் இரண்டு தண்டும் தீக்குச்சிப் பருமனுக்கு வந்தன. முதல் நாள் சாயங்காலமே தட்டுகளுக்கு நன்றாகத் தண்ணீர் விட்டு, மறுநாள் வெயில் ஏறுமுன் உட்கார்ந்தேன். புது சவர பிளேடு, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு, சிலிகான் ஒட்டுக்கிளிப். கிளிப் என்பது பக்கவாட்டில் பிளந்த சின்னக் குழாய், தண்டு பருக்கப் பருக்கத் தானே விரிந்து விழுந்துவிடும்.

சுண்டை நாற்றின் தலையை மண்ணிலிருந்து மூன்று விரல் உயரத்தில் நேராக வெட்டி, தண்டின் நடுவில் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கீழ்நோக்கிப் பிளந்தேன். கத்தரியின் நுனியை இரண்டு மூன்று இலையோடு எடுத்து, பெரிய இலையைப் பாதியாகக் கத்தரித்து, அடியை இரண்டு பக்கமும் சீவி ஆப்பு மாதிரி ஆக்கினேன். ஆப்பைப் பிளவில் இறக்கி, கிளிப்பை மாட்டி முடித்தேன்.

இதில் கவனம் முழுக்க ஒரே இடத்தில்தான். தண்டின் தோலுக்கு அடியில் ஒரு மெல்லிய வளர்திசு வளையம் இருக்கிறது. இரண்டு தண்டின் வளையமும் ஒரு பக்கமாவது தொட்டுக்கொள்ள வேண்டும். பருமன் சரியாகப் பொருந்தவில்லை என்றால் நடுவில் வைக்காமல் ஓர் ஓரமாக ஒட்டிவைப்பது நல்லது. சீவல் ஒரே இழுப்பில் வரவேண்டும். இரண்டாவது முறை சீவினால் வெட்டுமுகம் அலையாகி நடுவில் காற்று நிற்கும். ஒவ்வொரு பத்து வெட்டுக்கும் பிளேடைத் துடைத்தேன், 25 வெட்டுக்குப் பிறகு மாற்றினேன்.

முதல் 48

முதல் நாள் 48 செடி ஒட்டினேன். பிழைத்தது 9.

வெட்டில் தவறு என்றுதான் முதலில் நினைத்தேன். செத்த செடிகளைக் கிளிப் கழற்றிப் பார்த்தபோது அப்படித் தெரியவில்லை, பொருத்தம் ஒழுங்காகத்தான் இருந்தது. தப்பு மூடிவைத்த இடத்தில். ஒட்டிய மேல்தண்டுக்கு வேர் கிடையாது. குழாய்கள் இணையும் வரை அதற்குக் கீழிருந்து தண்ணீர் வராது, இலையோ தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் சுற்றிலும் காற்று ஈரத்தில் ஊறிக் கிடக்க வேண்டும், 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. நான் தட்டுகளைக் கொட்டகைக்கு வெளியே நிழல்வலைக்கு அடியில் வைத்து பாலிதீன் மூடியிருந்தேன். பதினொரு மணி வெயிலில் உள்ளே கைவிட்டால் சுட்டது. போதாததற்கு, பிழைத்ததா என்று பார்க்க நாளைக்கு நாலு தடவை திறந்தேன், வாடினாற்போல் தெரிந்ததன் மேல் தண்ணீரைத் தெளித்தேன். தெளித்த நீர் வெட்டுவாயில் தேங்கி அங்கே அழுகலும் வந்துவிட்டது.

ஒட்டுக்கட்டுவது கைவேலை என்று எல்லோரும் நினைக்கிறோம். கைவேலையை ஒரு காலையில் பழகிவிடலாம். செடி பிழைப்பதும் சாவதும் அதற்கு அடுத்த ஏழு நாளில்தான்.

இரண்டாவது தொகுதி

இந்தத் தடவை வீட்டுக்குள், வடக்குப் பார்த்த அறையில், பிவிசி குழாயை வளைத்து ஒரு கூண்டு கட்டினேன். தரையில் நனைத்த சாக்கு, அதன்மேல் செங்கல், செங்கல்மேல் தட்டு. மேலே பாலிதீன், அதற்குமேல் கறுப்புத் துணி. வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்ன டிஜிட்டல் கருவி ஒன்றை உள்ளே வைத்தேன். முந்நூறு ரூபாய்க்குள் வந்த அந்தக் கருவிதான் இந்த வேலையில் மிக உதவிய பொருள். அதைப் பார்க்கத் திறக்கவே வேண்டியதில்லை, பாலிதீன் வழியே எண் தெரியும்.

முதல் இரண்டு நாள் முழு இருட்டு. வெப்பம் 27க்கும் 30க்கும் நடுவில், ஈரம் 95ஐ ஒட்டி. செடியின் மேல் ஒரு சொட்டுகூடத் தெளிக்கவில்லை, சாக்கை மட்டும் நனைத்தேன். மூன்றாம் நாள் கறுப்புத் துணியை எடுத்து மங்கிய வெளிச்சம் கொடுத்தேன். நாலாம் நாள் இலைகள் கொஞ்சம் தொங்கின. கை பரபரத்தது, தொடவில்லை. ஐந்தாம் நாள் காலையில் அவை நிமிர்ந்திருந்தன. அன்றிலிருந்து காலையில் பத்து நிமிடம் ஓரத்தைத் தூக்கிவிட்டேன், அப்புறம் அரைமணி, அப்புறம் இரண்டு மணி. எட்டாம் நாள் கூண்டை எடுத்துவிட்டு நிழல்வலைக்கு மாற்றினேன்.

72இல் 58 பிழைத்தன. நிழலில் பத்து நாள் பழக்கி, புரட்டாசி நடுவில் நட்டேன்.

நடவும் மழையும்

வாடல் வழக்கமாக அதிகம் வரும் மூலையையே தேர்ந்தெடுத்தேன். ஒட்டுச்செடி 40, சொந்த வேரில் வளர்ந்த முள்ளுக்கத்தரி 40. ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாக நட்டேன், மண்ணின் குணம் இரண்டுக்கும் சமமாகக் கிடைக்கட்டும் என்று. வேப்பம்புண்ணாக்கு, சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியா கலந்த தொழுவுரம், சொட்டுநீர் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. ஒட்டு விழுந்த இடம் மண்ணுக்கு மேல் இரண்டு விரல் உயரத்தில் நிற்கும்படி பார்த்துக்கொண்டேன்.

ஐப்பசி மழை நின்று சூடு ஏறியதும் வாடல் தொடங்கியது. முதல் வாரத்தில் சொந்த வேர்ச் செடி ஆறு. கார்த்திகை முடிவதற்குள் 23. ஒட்டுச்செடி ஒன்றுகூட அசையவில்லை. எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் ஒட்டு வரிசையின் கடைசியில் மூன்று செடி வாடின. டம்ளர் சோதனை செய்தேன், பால் இறங்கியது. சுண்டை வேரைத் தாண்டி எப்படி வந்தது? தோண்டினேன். அந்த ஓரத்துச் செடிகளுக்கு மட்டும் மண் அணைத்திருந்தது. களையெடுக்க வந்த அக்கா, வழக்கம்போலக் கத்தரிக்குச் செய்வதைச் செய்திருக்கிறார். நான் சொல்லிவைத்திருக்க வேண்டும். அணைத்த மண்ணுக்குள் ஒட்டு மறைந்துபோக, கத்தரித் தண்டிலிருந்து வெள்ளை வேர் இறங்கியிருந்தது. பாக்டீரியா அந்த வேர் வழியே நேராக உள்ளே போய்விட்டது.

கத்தரிக்கு மண் அணைப்பது தலைமுறைப் பழக்கம், சொந்த வேர்ச் செடிக்கு அது நல்லதும்கூட. ஒட்டுச்செடிக்கு அதுவே எமன். மீதிச் செடிகளின் அடியில் மண்ணை விலக்கி, மழைத்துளி பட்டு மண் தெறிக்காமல் இருக்கக் காய்ந்த கரும்புத் தோகையைப் பரப்பினேன். அதற்குப் பிறகு ஒட்டுச்செடி எதுவும் போகவில்லை.

இன்னொன்று, ஒட்டுக்குக் கீழே சுண்டையின் துளிர் ஓயாமல் கிளம்பும். அகலமாக, ஓரம் வெட்டுப்பட்ட இலை, பார்த்தால் தெரிந்துவிடும். வாரம் ஒருமுறை கிள்ளிவிடுங்கள். ஒரு செடியில் மூன்று வாரம் கவனிக்காமல் விட்டேன், மேலே இருந்த கத்தரி குன்றிவிட்டது.

ஊமத்தை வேண்டாம்

பக்கத்து நிலத்து அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, சுண்டைக்கு இவ்வளவு மெனக்கெடணுமா? ஊமத்தையும் இதே ஜாதிதானே, குப்பைமேட்டுல எத்தனை இருக்கு, அதுல ஒட்டிடலாமே" என்றார். நல்ல கவனிப்பு, ஊமத்தையும் அதே குடும்பம்தான். ஆனால் ஊமத்தையின் நச்சுப்பொருள் உருவாவதே வேரில். அங்கிருந்து சாறோடு மேலே ஏறும். ஊமத்தை வேரில் ஒட்டிய தக்காளியைச் சாப்பிட்டு மனிதர்கள் நஞ்சேறி விழுந்தது அமெரிக்காவில் உண்மையில் நடந்திருக்கிறது. அவரிடம் அங்கேயே தெளிவாகச் சொல்லிவிட்டேன், இங்கேயும் சொல்கிறேன். ஒட்டும் வேர், நாம் சாப்பிடும் செடியின் வேராக இருக்கட்டும். சுண்டை வற்றல் போட்டுக் குழம்பு வைக்கிறோம், அதில் எனக்குப் பயமில்லை.

வேர் செய்ய முடியாதது

மார்கழியில் காய் வந்தது. அம்மா இரண்டு வரிசையிலிருந்தும் தனித்தனியாகப் பறித்து, எது எதுவென்று யாருக்கும் சொல்லாமல் எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தார். வீட்டில் ஒருவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. காயின் குணம் மேலிருக்கும் செடியின் மரபில் இருக்கிறது, வேர் அந்த மரபை மாற்றுவதில்லை. இந்த முயற்சியே அந்த ருசிக்காகத்தான்.

ஆனால் தண்டு, காய்த்துளைப்பான் புழுவுக்குச் சுண்டை வேர் ஒரு தடையே இல்லை. ஒட்டு, சொந்தம் என்று பார்க்காமல் எல்லாவற்றிலும் துளைத்தது. இந்தப் புழுவுக்கு எதிராகத்தான் பி.டி. கத்தரி வந்தது. மண் பாக்டீரியா ஒன்றின் மரபணுவைக் கத்தரிக்குள் வைத்து, புழுவைக் கொல்லும் புரதத்தைச் செடியே செய்யும்படி ஆக்கியது. இந்தியாவில் 2010 பிப்ரவரியில் அதை நிறுத்திவைத்தார்கள், வங்கதேசம் 2013இல் அனுமதி கொடுத்து 2014இல் பயிரிட ஆரம்பித்தது. இந்த விவாதத்தில் அடிக்கடி ஒன்று குழம்பிப்போகிறது. பி.டி. கத்தரி வந்திருந்தாலும் என் மூலையில் வாடல் நின்றிருக்காது, அது புழுவுக்கானது. ஒட்டு வாடலுக்கானது, புழுவை அது நிறுத்தாது. எதனால் செடி சாகிறது என்று தெரியாமல் எந்த நுட்பத்தை எடுத்தாலும் காசும் உழைப்பும்தான் போகும். அந்த ஒரு டம்ளர் தண்ணீரில் இருந்து தொடங்குங்கள்.

புழுவுக்கு நான் செய்தது பழைய முறைதான். வாடித் தொங்கும் நுனிகளை வாரம் இரண்டு முறை துளைக்குக் கீழே ஒரு விரல் சேர்த்து வெட்டி எரித்தேன். ஆண் அந்துப்பூச்சியை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி இரண்டு வைத்து, உள்ளே இருக்கும் கவர்ச்சிக் குப்பியை மாதத்துக்கு ஒருமுறை மாற்றினேன். சொத்தைக் காய் குறைந்தது, நிற்கவில்லை.

கவாத்துக்குப் பிறகு

பங்குனியில் சொந்த வேர்ச் செடியில் 17தான் மிச்சம், அதுவும் ஓய்ந்துவிட்டது. வேர்களைப் பிடுங்கிப் பார்த்தால் மணிமணியாக நூற்புழு முடிச்சு. ஒட்டுச்செடிகள் 37ஐ முழங்கால் உயரத்துக்கு வெட்டி, அடியில் மண்புழு உரமும் தண்ணீரும் கொடுத்தேன். சுண்டை பலவருடச் செடி, அதன் வேருக்கு இன்னும் தெம்பிருந்தது. மூன்று வாரத்தில் புதுத் துளிர் அடர்ந்து, வைகாசியில் மறுபடி காய்த்தது.

ஒரு நிலம், ஒரு பருவம், 80 செடி. அவ்வளவுதான் என் கணக்கு. உங்கள் மண்ணில் கிருமியின் வேறு ரகம் இருக்கலாம், முதலில் இருபது செடியோடு பாருங்கள்.

கிளிப்புகளைப் பொறுக்கி வெந்நீரில் போட்டு எடுத்துவைத்திருக்கிறேன். அடுத்த ஆனிக்கு வேலியில் சுண்டை இப்போதே பழுக்கத் தொடங்கிவிட்டது. பக்கத்து நிலத்து அண்ணனுக்கும் சேர்த்து மூன்று தட்டு போடப்போகிறேன், கூண்டை இன்னும் கொஞ்சம் நீளமாக வளைக்க வேண்டும்.